மூலமும் உரையும்: ஜான் லயன்ஸின் யூனிக்ஸ் நூல்

மூலத்தை ஒரு பக்கத்திலும் உரையை மறுபக்கத்திலும் வைத்துச் சொல் சொல்லாகப் படிப்பது தமிழருக்குப் புதிதன்று. பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் நமக்கு அவ்வாறே கற்பித்தனர். கணிப்பொறி நிரல் ஒன்றுக்கும் அத்தகைய உரைநூல் உண்டு என்பதை நம் மாணவர் பலர் அறியார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ், 1976-77-ல் தம் மாணவர்களுக்காக எழுதிய நூல் அது. யூனிக்ஸ் இயக்க அமைப்பின் ஆறாம் பதிப்பு அதன் மூலம். ஏறத்தாழ 9,000 வரிகள் கொண்ட மூலம் ஒரு புத்தகம். அதற்கு லயன்ஸின் உரை மற்றொரு புத்தகம்.

இந்நூலின் வரலாறே ஒரு கதை. 1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூல நிரலை வகுப்பில் பாடமாக்குவதைத் தடுத்தது. ஆயினும் நூல் மறையவில்லை. நகலின் நகலாக, எழுத்து மங்கிய தாள்களாக, உலகெங்கும் கைமாறியது. முறையான அச்சு வடிவம் 1996-ல்தான் கிடைத்தது. ஈராண்டுகளில், 1998-ல், லயன்ஸ் மறைந்தார். 2002-ல் பழைய யூனிக்ஸ் மூல நிரல் தாராள உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. இன்று எவரும் அதைத் தடையின்றிப் படிக்கலாம்.

சரி, இதைப் படிப்பதால் என்ன பயன்? ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

கெர்னல் எனப்படும் உட்கரு, கணிப்பொறியின் நினைவகத்தைப் பல நிரல்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. நூலின் ஐந்தாம் அத்தியாயம் இப்பங்கீட்டை விளக்குகிறது. வடசென்னையில் வாழ்வோருக்குக் கண்டெய்னர் யார்டு தெரிந்த இடமே. அங்கே ஒரு பேரேடு இருப்பதாகக் கொள்வோம். காலியிடம் எந்த எண்ணில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்னும் இரண்டே எண்கள் ஒவ்வொரு வரியிலும் இருக்கும். இடம் கேட்டு வருபவருக்கு, பேரேட்டை மேலிருந்து பார்த்து, போதுமான முதல் இடத்திலிருந்து வெட்டிக் கொடுப்பார்கள். இதுவே 'மெலாக்' என்னும் செயற்கூறு.

இடத்தைத் திருப்பிப் பெறுவது 'எம்-ஃப்ரீ'. இங்கேதான் நுட்பம் இருக்கிறது. பேரேட்டில் '100 முதல் 40', '200 முதல் 25' என்று இரு வரிகள் உள்ளன. 140-ல் தொடங்கும் 60 அலகு இடம் திரும்பி வந்தால், மூன்றும் ஒட்டிக்கொண்டு '100 முதல் 125' என ஒரே வரியாகும். மாறாக, 160-ல் தொடங்கும் 10 அலகு மட்டும் வந்தால், அது எதனோடும் ஒட்டாது. இடையில் ஒரு புது வரி சேர்த்து, கீழுள்ள வரிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே தள்ள வேண்டும்.

புளியந்தோப்பில் என் வீட்டு மொட்டைமாடியில், ஒரு ஞாயிறு மாலை, மாணவர் நால்வருடன் இதைக் கட்டம் போட்ட நோட்டில் செய்து பார்த்தேன். நால்வரும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்கள். பேசாமல் இருந்த ஒருவன் கேட்டான்: "சார், பேரேட்டில் தாள் தீர்ந்துபோனால் புது வரியை எங்கே எழுதுவது?"

நான் நிரலைப் பார்த்தேன். அதற்கு விடை அங்கே இல்லை! வரிகளைக் கீழே தள்ளும் சுற்று, பேரேட்டின் எல்லையைச் சோதிப்பதே இல்லை. எல்லை தாண்டினால், அடுத்துள்ள வேறு தரவின்மீது எழுதிவிடும். எச்சரிக்கையும் வராது.

பேரேடு எவ்வளவு பெரியது? அளவு 100 என்று குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அது 100 எண்களுக்கான இடமேயன்றி, 100 வரிகளுக்கானதன்று. வரிக்கு இரண்டு எண்கள். ஆக 50 வரிகள். பட்டியல் முடிந்ததைக் காட்டும் சுழிய வரி ஒன்று போக, 49 காலியிடங்களையே எழுத முடியும்.

அப்படியானால் இந்தப் பிழை ஏன் அன்றாடம் தலைகாட்டவில்லை? இங்கே இயற்பியல் மாணவர் விரும்பும் கணக்கு ஒன்று உண்டு. அந்தப் பதிப்பில் ஒரே நேரத்தில் 50 செயல்களும், பொதுவில் பயன்படும் 40 நிரற்பகுதிகளும் இருக்கலாம்; மொத்தம் 90 துண்டுகள். துண்டுகளுக்கு இடையிலும் இரு ஓரங்களிலுமாக 91 காலியிடங்கள் வரை தோன்ற வழியுண்டு. ஆனால் டொனால்டு கனூத் 1968-ல் தம் நூலில் காட்டிய விதிப்படி, சமநிலையில் காலியிடங்களின் எண்ணிக்கை பயன்படும் துண்டுகளில் ஏறத்தாழப் பாதியே. 90-ல் பாதி 45. எல்லையோ 49! பிழை மயிரிழையில் உறங்கிக் கிடந்தது எனலாம்.

திருத்துவது எப்படி? பேரேட்டை 100 வரிகளாக்கலாம் என்றான் ஒருவன். 91-க்கு அது போதும். ஆனால் நாளை ஒருவர் 50 செயல்களை 150 ஆக்கினால், பிழை மீண்டும் விழித்துக்கொள்ளும். புது வரி எழுதுமுன் இடம் உண்டா என்று சோதிப்பதே உண்மையான மருந்து. இடமில்லையெனில் ஒரு துண்டைக் கைவிட்டு, அதை அறிவித்துவிட வேண்டும். பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தம் யூனிக்ஸில் இவ்வழியையே மேற்கொண்டனர். 1983-ல் வந்த 4.2 பிஎஸ்டியில், பேரேடு நிரம்பினால் எந்த இடம் இழக்கப்பட்டது என்ற செய்தி திரையில் வரும். சிறு நினைவகம் வீணாகும். பிறர் தரவு கெடாது. இழப்பை மறைப்பதைவிட ஒப்புக்கொள்வது மேல் என்னும் பாடம் கணிப்பொறிக்கு மட்டும் உரியதன்று.

இனி நூலின் குறைகள். இதன் நடை மிகச் சுருக்கமானது. ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டால் அடுத்த பக்கம் புரியாது. பிடிபி-11 என்னும் மறைந்துபோன கணிப்பொறியை அறியாதவர் தொடக்கத்திலேயே திணறுவர். நிரலில் உள்ள சி மொழியும் பழையது. கூட்டி வைக்கும் குறி இன்றைய முறைக்குத் தலைகீழாக இருக்கும். முதன்முறை படிப்பவர் ஐந்தாம் அத்தியாயத்தில் தொடங்கிப் பின்னர் முன்னே செல்வது நலம். எம்ஐடி நிறுவனத்தார் 2006-ல் இதே ஆறாம் பதிப்பைப் பின்பற்றி, இன்றைய சி மொழியில் எழுதிய 'எக்ஸ்வி6' துணையாகும்.

இக்குறைகளைவிடப் பெரியது நம்முடைய குறை. 'முதற்பொருத்தம்', 'சிறந்த பொருத்தம்' என்று இலக்கணம் எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவர், அவ்விலக்கணம் இயங்கும் ஒரு வரி நிரலையும் காணாமல் பட்டம் பெறுகின்றனர். லினக்ஸ் இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதை முழுதும் படிப்பது எவராலும் ஆகாது. ஆனால் 9,000 வரிகளைப் படிக்கலாம். ஓர் உட்கரு மனிதர் எழுதியதே, மனிதர் படிக்கக்கூடியதே, அதில் மனிதர் விட்ட பிழையும் இருக்கும் என்பதை இந்நூல் காட்டிவிடுகிறது. அந்தத் துணிவே இதன் பெரும்பேறு.

அன்று கேள்வி கேட்ட மாணவன் ஆங்கில உரையில் பாதியும் புரியாதவன். மூலத்தில் உள்ள ஓட்டையைக் கண்டவன் அவனே. அவனைப் போன்றோருக்கு இந்த உரைக்கு ஒரு தமிழுரை வேண்டும். ஓர் அத்தியாயத்தையேனும் எழுதத் துணிபவர் யார்?