மின்கலக் கைரேகைப் பூட்டு: ஒரு மதிப்பீடு

கைரேகைப் பூட்டு என்பது, முன்பே பதிவு செய்த விரல் ரேகையை அடையாளம் கண்டு கதவைத் திறக்கும் மின்னணுப் பூட்டு ஆகும். ஆர்டுயினோ யூனோ பலகை, ஆர்307 கைரேகை உணரி, ரிலே, 12 வோல்ட் சொலினாய்டு தாழ்ப்பாள் ஆகியவற்றைக் கொண்டு இதைச் செய்யும் முறை மாணவர் செயல்திட்டங்களில் பரவலாக உள்ளது. செய்து கற்பதற்கு அது நல்ல பாடம். ஆனால் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள ஒரு கிராமத்து வீட்டு வாசலில் அதை அப்படியே பொருத்தலாமா என்பது வேறு கேள்வி.

மின்சாரக் கணக்கு

இப்பகுதியில் பூட்டு மின்கலத்தில்தான் இயங்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன.

யூனோ பலகை சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 50 மில்லிஆம்பியர் எடுக்கும். ஏஏ அளவு அல்கலைன் மின்கலத்தின் கொள்ளளவைச் சுமார் 2000 மில்லிஆம்பியர்-மணி என்று கொண்டால், 40 மணி நேரத்தில், கதவை ஒருமுறைகூடத் திறக்காமலேயே, அது தீர்ந்துவிடும். நான்கு மின்கலங்களைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் 6 வோல்ட் ஆகுமே தவிர, இந்தக் கொள்ளளவு கூடாது. 12 வோல்ட் சொலினாய்டுக்கு அந்த 6 வோல்ட்டும் போதாது.

தீர்வு பெரிய மின்கலம் அன்று, தூக்கம். பலகையில் உள்ள ஏடிமெகா328பி சில்லைத் தனியே எடுத்து உறக்க நிலையில் வைத்து, உணரிக்குச் செல்லும் மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, விரல் தொட்டால் மட்டும் விழிக்கச் செய்யலாம். சொலினாய்டுக்குப் பதில், நகரும் நொடியில் மட்டும் மின்சாரம் எடுக்கும் சிறு மோட்டார் தாழ்ப்பாளைப் பயன்படுத்தலாம். உறக்கத்தில் 20 மைக்ரோஆம்பியர், ஒருமுறை திறந்து மூட 0.15 மில்லிஆம்பியர்-மணி, நாளுக்குப் பத்து முறை என்று வைத்துக்கொண்டால், நாள் செலவு ஏறத்தாழ 2 மில்லிஆம்பியர்-மணி. கணக்குப்படி 1000 நாள் வரும். கசிவு, ஈரப்பதம், பழைய மின்கலத்தின் தளர்ச்சி எல்லாம் போக, ஓராண்டை எதிர்பார்ப்பது நியாயம்.

விரலின் கணக்கு

மின்சாரத்தைச் சேமிக்கும் வழியை இத்தகைய திட்டங்கள் ஓரளவு பேசுகின்றன, விரலைப் பேசுவதில்லை. பாகூர் நெல் விளையும் ஊர். வில்லியனூர் சுடுமண் கலைக்குப் பெயர் பெற்றது. சேற்றில் நாற்று நடும் விரலும், களிமண் பிசையும் விரலும், சிமெண்ட் கலக்கும் விரலும் ரேகை தேய்ந்தவை. முதுமையிலும் ரேகை மங்கும்.

2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ஆதார் அடையாள உறுதிப்பாடு தோல்வியடையும் விகிதம் ஜார்க்கண்டில் 49, ராஜஸ்தானில் 37 விழுக்காடு என்ற மதிப்பீடுகளைக் குறிப்பிட்டது. அதில் இணையத் தொடர்பின் குறையும் அடங்கும் என்பதால், இணையம் தேவைப்படாத வீட்டுப் பூட்டுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. ஆயினும் எச்சரிக்கை எச்சரிக்கைதான்.

ஆர்307 உணரியில் பாதுகாப்பு நிலையை 1 முதல் 5 வரை மாற்றலாம். தேய்ந்த விரலை ஏற்க நிலையைக் குறைத்தால், அந்நிய விரலையும் ஏற்கும் வாய்ப்பு கூடும். 2002இல் ஜப்பானிய ஆய்வாளர் சுடோமு மட்சுமோட்டோ குழுவினர் ஜெலட்டினில் செய்த போலி விரல்கள் பல உணரிகளை ஏமாற்றின. எனவே நிலையைத் தளர்த்துவதைவிட, ஒவ்வொருவருக்கும் இரு கைகளிலும் இரண்டிரண்டு விரல்களைப் பதிவதே மேல்.

இருக்க வேண்டியவை

ரிலேயும் கட்டுப்பாட்டுப் பலகையும் கதவின் உட்புறம் இருக்க வேண்டும். அவை வெளிப்புறப் பெட்டியில் இருந்தால், திருடனுக்கு விரல் தேவையில்லை. இரண்டு கம்பிகளை இணைத்தாலே போதும். மின்கலம் தீர்வதற்கு முன்பே விளக்கோ ஒலியோ எச்சரிக்க வேண்டும். முழுதும் தீர்ந்தாலும் வெளியிலிருந்து 9 வோல்ட் மின்கலத்தைத் தொட்டு உயிர்ப்பிக்க இரு முனைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாவித் துவாரம் வேண்டும்.

சாவித் துவாரத்தை விட்டுவிடுவதை நவீனம் என்று காட்டும் வடிவமைப்புகளே இவ்வகையின் பெரிய குறை. நடவு முடிந்து அந்தி வேளையில் திரும்பும் ஒரு மூதாட்டி, தன் வீட்டு வாசலிலேயே அந்நியராக நிற்கும்படி ஒரு பூட்டு செய்யுமானால், அதன் மின்கலம் பத்தாண்டு உழைத்தும் பயனில்லை.