கறுப்புக் கட்டங்கள்

இணையவழிக் கற்பித்தலில் தொழில்நுட்பத்தைத் ‘திறம்பட’ப் பயன்படுத்துவது எப்படி என்று கல்லூரிக்குக் கல்லூரி பயிலரங்கு நடத்துகிறார்கள். திறம்பட என்றால் யாருக்கு? இதைக் கேட்டால் தொழில்நுட்ப விரோதி என்று ஓரங்கட்டிவிடுவார்கள். நான் விரோதியல்ல. எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் கையில் நூல் இல்லாதபோதெல்லாம் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளைத்தான் நம்பியிருந்தேன். என் கேள்வி கருவியைப் பற்றியதல்ல. கருவியின் எந்த முனையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியது.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளன். வலங்கைமானில் வீட்டு மொட்டைமாடிக்குப் போனால்தான் சிக்னல். திரையில் அறுபது பெயர்கள், அறுபது கறுப்புக் கட்டங்கள். ‘யாராவது இருக்கீங்களா?’ என்று கேட்பேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் வரும்: ‘இருக்கோம் சார்.’ கேமராவைத் திறக்காதவர்களுக்கு வருகைப்பதிவு கிடையாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் நான்தான்.

ஃபூக்கோ பேசுகிற சிறைக்கோபுரம் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. பார்ப்பவன் மறைந்திருப்பான், பார்க்கப்படுபவன் வெளிச்சத்தில் இருப்பான். மேடையும் பெஞ்சுமான நமது வகுப்பறை அதன் ஏழைச் சொந்தக்காரன். இணைய வகுப்பு இந்த ஏற்பாட்டைத் தற்செயலாகத் தலைகீழாக்கிவிட்டது. வெளிச்சத்தில் ஆசிரியன், இருட்டில் மாணவர்கள். எங்களுக்கு வந்த பதற்றத்துக்குக் காரணம் கல்விமீதான அக்கறை மட்டுமல்ல. பார்க்கும் அதிகாரம் கைநழுவியதுதான்.

அன்று இரவு ஒரு மாணவி தனியாகச் செய்தி அனுப்பினாள்: ‘கேமரா போட்டா வீடு தெரியும் சார்.’ வீடு தெரிந்தால் கூரை தெரியும், தெரு தெரியும். ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்து ‘எந்தத் தெரு?’ என்று கேட்கிற டெல்டா இது. அவள் கேமராவை மூடியதை ஒழுங்கீனம் என்று வாசித்த என் வாசிப்பு எவ்வளவு மட்டமானது!

வசதியைப் பற்றிய கணக்குகள் உண்டு. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில், இணையம் 14.9 சதவீதத்தில். தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது 2021 ஜனவரியில், மூடி ஏறக்குறைய பத்து மாதம் கழித்து. அதுவும் ஏப்ரல் வரைக்கும்தான். குழாய் கிடைத்தது, சரி. அதற்குள் எது ஓடியது? பழைய நோட்ஸ். 1984இல் பல்கலைக்கழக மானியக்குழு தூர்தர்ஷனில் தொடங்கிய ‘நாடுதழுவிய வகுப்பறை’யும் ஒருவழிப் பேச்சுதான். ஆசிரியர் போடுகிறார், மாணவர் சேமிக்கிறார் என்று பாவ்லோ ஃப்ரேயிரே விமர்சித்த வங்கிமுறைக் கல்வி போய்விடவில்லை. வங்கி கணினிமயமாகிவிட்டது, அவ்வளவுதான்.

காலை பத்து மணிக்கு எங்கள் பிள்ளைகளில் பலர் நடவிலோ வெடிப் பட்டறையிலோ இருந்தார்கள். போனும் அப்பாவோடு வெளியே போய்விட்டுச் சாயங்காலம்தான் வீட்டுக்கு வரும். நேரலையை நிறுத்தினேன். ஐந்து நிமிடத்துக்குப் பேசிக் குரல்பதிவாக அனுப்பினேன். பதிலையும் பேசியே அனுப்பச் சொன்னேன். மருதத்திணைப் பாடம். நாற்றங்கால், நாற்றுமுடி, அண்டை வெட்டுதல், தாளடி, கண்டுமுதல் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல் கேட்டு வரச் சொன்னேன். சொற்களோடு வேறு ஒன்றும் வந்தது. வகுப்பில் இரண்டு வருடம் கடைசி பெஞ்சில் வாயே திறக்காதவன், பின்னால் காற்று இரைய, சொன்னான்: ‘பாட்டுல வயல் இருக்கு, மீன் இருக்கு, நாத்து நட்டவங்க ஓரமா வந்துட்டுப் போறாங்க. கதை மட்டும் ஊரனோடது. அவன் நம்மூரு பண்ணையாரு மாதிரியே இருக்கான் சார்.’

ஊடலும் ஊடல் நிமித்தமும் என்று உரிப்பொருள் சொல்லிக்கொடுத்தே பழகிய எனக்கு இது உறைத்தது. இந்த வாசிப்பு பாடத்திட்டத்தில் இல்லை, என் குறிப்புகளிலும் இல்லை. மேடையும் பெஞ்சும் இருந்தவரை அவன் இதைச் சொல்லியிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். திரும்பக் கேட்க முடிந்ததும், சரியில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பேச முடிந்ததும், தன் நேரத்தில் தன் பேச்சுமொழியில் பேச முடிந்ததும் அவனுக்கு உதவியிருக்கின்றன. இது மலிவான தொழில்நுட்பம். இதற்குப் பயிலரங்கு நடத்த முடியாது.

ஆனால் நிறுவனத்தின் ஆசை வேறு திசையில் இருக்கிறது. 2021 மார்ச்சில் வந்த மானியக்குழு விதி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ‘சுவயம்’ தளத்தில் படிக்க இடம் தருகிறது. அங்கேயும் கேள்வி கேட்க ஒரு மூலை உண்டுதான். ஆனால் ஒரே பதிவு உரையை ஆயிரக்கணக்கானவர்கள் கேட்கும் இடத்தில் ஊரனையும் பண்ணையாரையும் சேர்த்துப் பார்க்கிற பையனுக்கு யார் பதில் சொல்வது? பணிநிரந்தரம் இல்லாத என்னைப் போன்றவர்களின் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பருவத் தேர்வில் அவன் உரிப்பொருளை நோட்ஸில் உள்ளபடியே எழுதி, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து ஏற்றினான். குரல்பதிவுகளை அகமதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று துறையில் கேட்டேன். பிடிஎஃப் ஆக இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.