சாயக் குண்டுக்கு ஒரு வேகமானி

சாயக் குண்டுகளால் சுட்டு ஆடும் பெயின்ட்பால் போட்டி நல்லதா என்றறிய, வாசலில் உள்ள வேகமானி மேசையைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு துப்பாக்கியும் அங்கே சுட்டுக்காட்டிய பிறகுதான் களத்துக்குள் போகும். வழக்கமான உச்ச வரம்பு நொடிக்கு 300 அடி. மீறினால், உள்ளூர் நட்சத்திரமே ஆனாலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

1981இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் ஆடிய முதல் பெயின்ட்பால் ஆட்டத்தில், மரத்துக்கும் மாட்டுக்கும் குறியிடும் துப்பாக்கிகளே ஆயுதம். வென்ற ரிச்சி வைட் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஆட்டத்தின் இலக்கான கொடிகளைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டார்.

இன்றோ நடுவர்களின் கண்தான் ஆட்டத்தின் உயிர். குண்டு உடம்பில் பட்டு உடைந்தால் வெளியேற்றம். உடையாமல் தெறித்தால் ஆட்டம் தொடரும். சாயத்தை நைசாகத் துடைத்துக்கொண்டு ஓடும் ஆசாமிகளும் உண்டே! பிடிபட்டால், கூட்டாளி ஒருவரையோ சிலரையோ சேர்த்து வெளியே அனுப்புவது பல போட்டிகளில் வழக்கம்.