பள்ளியின் வாசற்படி

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் 'பள்ளி' என்ற சொல்லுக்கு அர்த்தம் மாறிவிடுகிறது. கோயமுத்தூரில் அது பிள்ளைகள் படிக்கிற இடம். கொச்சியில் தொழுகிற இடம்: மசூதியும் பள்ளி, சர்ச்சும் பள்ளி, யூதர்களின் ஜெபாலயமும் பள்ளி. யூதர்களுக்கோ இரண்டு அர்த்தமும் பொருந்தும். வேதச் சுருளைச் சபை நடுவே வாசிப்பது அவர்களது வழிபாட்டின் மையம். வாசிக்க அழைக்கப்படுவது கௌரவம். கேரளத்து ஜெபாலயங்கள் சிலவற்றில் பிள்ளைகள் பாடம் படிக்க மாடியில் அறையே இருந்தது.

இன்று அமெரிக்க ஜெபாலயங்கள் பலவற்றில் குழந்தைகள் நூலகம் உண்டு. 2005இல் அங்கே தொடங்கிய 'பிஜே லைப்ரரி' யூதக் கதைப் புத்தகங்களை வீடு தேடி இலவசமாக அனுப்புகிறது. சிதறிய சமூகம் தன் நினைவைப் பிள்ளைகள் கையில் கொடுக்கப் பார்க்கிறது. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால், யாருடைய நினைவு அந்த அலமாரியில் ஏறுகிறது என்று கேட்டாக வேண்டும்.

மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வம்சத்தார் அங்கே மற்றவர்களோடு பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்கூடத்துத் தரையில்தான் இடம். வேதம் வாசிக்கவும் அழைக்க மாட்டார்கள். ஏனுங்க, இரட்டை டம்ளர் வைத்திருந்த நம்ம ஊருக்கு இது புரியாத ஏற்பாடா? ஒரே வேதம், ஒரே தெய்வம், அதற்குள்ளேயே ஒரு மற்றமை. அந்த வம்சத்தில் 1882இல் பிறந்து வக்கீலான ஏ.பி.சலேம், ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பேர் வந்தது. தடைகள் மெல்லத் தளர்ந்தன. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

பெண்களுக்கு இன்னொரு நூலகம் இருந்தது. மலையாளப் பாட்டுகளை நோட்டுகளில் எழுதிவைத்துத் தலைமுறை தாண்டிக் காப்பாற்றினார்கள். சுருளுக்குக் கிடைத்த பீடம் இந்த நோட்டுகளுக்குக் கிடைக்கவில்லை.

தன்னைத் துரத்தியவர்களின் கதையைப் பிள்ளைக்குச் சொல்வது எந்தச் சமூகத்துக்கும் சுலபம். தான் வாசலில் நிறுத்தியவர்களின் கதையைச் சொல்வதுதான் கஷ்டம். இனத்தின் பெருமைக் கதையாடல் அங்கேதான் தடுக்கி விழுகிறது.

கொங்குக்கு இது தூரத்து விவகாரமில்லை. 2010இல் வந்த 'மாதொருபாகன்' 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன், தன்னுள் எழுத்தாளன் செத்துவிட்டதாக அறிவித்தார். 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் பிரதியின் பக்கம் நின்றது. தன் முகத்தை அழகாக மட்டுமே காட்டச் சொல்லும் சமூகம், புத்தகத்தைக் கண்ணாடியாகக்கூட விட்டுவைப்பதில்லை.

நாளைக்கே இங்கே ஒரு சாதிச் சங்கம் தன் கல்யாண மண்டபத்தில் குழந்தைகள் நூலகம் திறக்கலாம். திறக்கட்டும், பிள்ளைகள் படிப்பது நல்லதுதான். ஆனால் தோட்டத்தில் வேலை செய்யும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மற்ற பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார முடியுமா? அதன் தாத்தா பட்டபாடு அலமாரியில் இருக்குமா? அதை நம்ம வீட்டுப் பிள்ளையும் எடுத்துப் படிக்க விடுவோமா?