குடும்ப வரலாறும் பேச்சுத் தமிழும்: ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலைச் சுவைக்கும் நெறி

1. முன்னுரை

சுந்தர ராமசாமி (1931–2005) எழுதிய நாவல்கள் மூன்று. அவற்றுள் இறுதியானது 1998இல் வெளிவந்த ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’. 1937 முதல் 1939 வரையிலான காலப்பகுதியில் கோட்டயத்தில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தைப் பற்றியது இந்நாவல். குடும்பத் தலைவர் எஸ்.ஆர்.எஸ்., அவருடைய மனைவி லட்சுமி, மகள் ரமணி, மகன் பாலு ஆகியோரை மையமாகக் கொண்டு கதை விரிகிறது. ஆசிரியரின் இளம்பருவமும் கோட்டயத்திலேயே கழிந்தது. ஆகவே புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் குடும்ப வரலாறாகவே இதனைப் படித்து மகிழும் வாசகர் பலர். அம்மகிழ்ச்சி எதனால் விளைகிறது, அதில் மொழியின் பங்கு யாது, வேற்றுமொழிக்குச் செல்லும்போது அது எந்த அளவு எஞ்சுகிறது என்னும் வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வரலாற்று நாவல் என்னும் வகை

தமிழில் வரலாற்று நாவல் என்றவுடன் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னும் அதன் வழிவந்த அரச குடும்பக் கதைகளுமே நினைவுக்கு வருகின்றன. மலையாளத்திலும் சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ (1891) இத்தகைய எதிர்பார்ப்பை நிலைபெறச் செய்தது. அரியணையும் படையும் இல்லாத ஒரு வீட்டுக் கதையை இவ்வகையுள் அடக்கலாமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

ஆங்கிலத்தில் இவ்வகையின் தொடக்கமாகக் கொள்ளப்படும் வால்டர் ஸ்காட்டின் ‘வேவர்லி’ (1814) தன் துணைத் தலைப்பிலேயே அறுபது ஆண்டுக் கால இடைவெளியைச் சுட்டுகிறது. சுந்தர ராமசாமியின் நாவலுக்கும் அது பேசும் காலத்துக்கும் உள்ள இடைவெளியும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளே. அதனினும் முக்கியமானது, கதை நிகழும் நாடே இன்று இல்லை என்பது. திருவிதாங்கூர் 1949இல் கொச்சியுடன் இணைந்தது. 1956இல் மொழிவழி மாநில அமைப்பின்போது அதன் தமிழ்ப் பகுதிகள் பிரிந்தன. எஞ்சிய பகுதி கேரளமாயிற்று. நாகர்கோவிலும் கோட்டயமும் ஒரே அரசின் கீழ் இருந்த காலத்தில், தமிழ்க் குடும்பம் ஒன்று வடக்கே சென்று குடியேறுதல் உள்நாட்டு இடப்பெயர்ச்சியாகவே இருந்தது. அது வேற்று மாநிலத்துக்குச் செல்வதாகப் பொருள்படத் தொடங்கியது பின்னரே. ஆலயப் பிரவேசப் பிரகடனம் (1936) வெளிவந்து ஓராண்டே ஆகியிருந்த நிலை, சர் சி.பி. ராமசாமி ஐயரின் திவான் ஆட்சி, திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸின் தோற்றம் (1938), இரண்டாம் உலகப் போரின் தொடக்கம் (1939) ஆகியவை இக்காலப்பகுதியின் எல்லைக்கற்கள். அவ்வகையில் இதனை வரலாற்று நாவல் எனல் பொருந்தும்.

3. அடையாளம் காணும் இன்பம்

எழுத்தாளர் குடும்பத்தைப் பற்றிய நாவலைப் படிப்போர் முதலில் அடைவது அடையாளம் காணும் இன்பமாகும். இப்பாத்திரம் இன்னார், இச்சிறுவனே பின்னாளில் எழுத்தாளரானவர் எனப் பொருத்திப் பார்க்கும் இன்பம் அது. தாமஸ் மன்னின் ‘புடன்புரூக்ஸ்’ (1901) வெளிவந்தபோது லூபெக் நகரத்தார் பாத்திரங்களுக்கு உரிய உண்மை மனிதர்களின் பட்டியல்களைத் தமக்குள் சுற்றுக்கு விட்டனர் என்பது இலக்கிய வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி.

இவ்வின்பத்தை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. பாத்திரங்கள் அறியாத ஒன்றை வாசகர் அறிந்திருக்கிறார் என்பதே அதன் அடிப்படை. பாலுவை எண்ணிக் கவலையுறும் பெற்றோருக்கு அவனுடைய எதிர்காலம் தெரியாது, வாசகருக்குத் தெரியும். அந்த அறிவு வீட்டின் சிறு நிகழ்ச்சிகளுக்கும் கனம் சேர்க்கிறது. ஆயினும் இவ்வின்பம் நாவலுக்கு வெளியிலிருந்து வருவது. ஆசிரியரை அறியாத வாசகருக்கு அது கிட்டாது. அறிந்தவருக்கும் ஒருமுறை கிட்டியபின் தீர்ந்துவிடும்.

சுந்தர ராமசாமியே இதற்கு ஓர் எச்சரிக்கையைத் தம் முந்தைய நாவலில் வைத்துள்ளார் எனலாம். ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) வாழ்ந்திராத ஒரு மலையாள எழுத்தாளரை, வாழ்ந்தவர் என நம்பத்தக்க சான்றுகளுடன் படைத்தது. அதன் கதைசொல்லியின் பெயரும் பாலு. அந்நாவலில் புனைவு ஆவணத்தின் உருவைக் கொண்டது. இந்நாவலில் உண்மை புனைவின் உருவைக் கொண்டது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் பெயர்ப் பொருத்தத்தைச் சான்றாகக் கொள்ளத் தயங்குவர்.

4. இருவகைத் தமிழ்

நாவலுக்குள்ளிருந்தே பிறக்கும் இன்பம் அதன் மொழியில் உள்ளது. கதைக்கூற்று எழுத்துத் தமிழில் அமைந்துள்ளது. உரையாடல் பிராமணப் பேச்சுத் தமிழில் அமைந்துள்ளது. இத்தகைய இரட்டை வழக்கு தமிழ் நாவலுக்குப் பொதுவானதே. ஆனால் இந்நாவலில் அதற்குத் தனிப்பொருள் உண்டு.

ஆசிரியர் தமிழைப் பள்ளியில் முறையாகக் கற்றவரல்லர். தமிழ் எழுதவும் படிக்கவும் அவர் கற்றது பதினெட்டு வயதையொட்டியே. புதுமைப்பித்தன் எழுத்துகளின் ஈர்ப்பு அதில் பெரும்பங்கு வகித்தது. 1950களின் தொடக்கத்தில் அவர் எழுதத் தொடங்கியபோது முதல் முயற்சிகளுள் ஒன்றாக அமைந்தது தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’ நாவலை மலையாளத்திலிருந்து தமிழாக்கியதே. பின்னர்த் தகழியின் ‘செம்மீ’னையும் அவர் தமிழுக்குத் தந்தார்.

இதனை நாவலின் மொழியோடு இணைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். உரையாடலில் வரும் தமிழ், செவிவழி வந்த தமிழ். கோட்டயத்து வீட்டில் தாயும் தந்தையும் உறவினரும் பேசக் கேட்டது. கதைக்கூற்றில் வரும் தமிழ், பின்னாளில் முயன்று கற்ற தமிழ். இவ்விரு தமிழுக்கும் வெவ்வேறு வாழ்க்கை வரலாறுகள் உள்ளன. ஒரே பக்கத்தில் இவை அடுத்தடுத்து நிற்கும்போது, கேட்ட சிறுவனும் எழுதிய முதியவரும் ஒருங்கே நிற்கின்றனர். குடும்பத்தின் வரலாறு நிகழ்ச்சிகளில் மட்டுமன்றி, இவ்விரு வழக்குகளின் இடைவெளியிலும் பதிவாகியுள்ளது.

பெயரீட்டிலும் இது காணத்தக்கது. மனைவியும் மக்களும் பெயரால் சுட்டப்படக் குடும்பத் தலைவர் மட்டும் எஸ்.ஆர்.எஸ். என்னும் ஆங்கில முதலெழுத்துகளால் சுட்டப்படுகிறார். இது அலுவலகமும் ஊரும் அவருக்கு வழங்கிய பெயர். கணவன் பெயரை மனைவி சொல்லாத வழக்குடைய ஒரு சமூகத்தில், வீட்டினுள்ளும் அவர் வெளியுலகத்துப் பெயரோடே நடமாடுகிறார். தந்தைக்கும் ஏனையோருக்கும் உள்ள தொலைவு இச்சுட்டுமுறையிலேயே உணர்த்தப்பட்டு விடுகிறது.

5. வலியசாலை வாசகர்

இத்தகைய நாவலை முழுமையாகச் சுவைக்கத்தக்க வாசகர் யார் என்பது அடுத்த வினா. திருவனந்தபுரத்தில் கரமனை, கோட்டை, வலியசாலை ஆகிய பகுதிகளின் அக்கிரகாரங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வந்துள்ளன. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் வழங்கும் இருமொழிச் சூழல் அவர்களுடையது.

வலியசாலை என்னும் பெயரே இச்சூழலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழில் ‘வலிய’ என்பது வலிமையுடைய என்று பொருள்படும்; மலையாளத்தில் பெரிய என்று பொருள்படும். இன்றைய தமிழில் சாலை என்பது பாதை; இவ்வூர்ப் பெயரிலோ அது கல்விச்சாலை. சோழர் மெய்க்கீர்த்திகளால் அறியப்படும் காந்தளூர்ச் சாலையை இவ்விடத்தோடு ஆய்வாளர் பலர் இணைத்துக் காண்பர். வெளியூர்த் தமிழர் எழுத்துக்கூட்டிப் படித்தறியும் பொருள் வேறு. அங்கு வாழ்வோர் அறியும் பொருள் வேறு.

இத்தகைய ஒப்புருச் சொற்கள் இருமொழிகளிலும் பல. அவகாசம் என்பது தமிழில் கால இடைவெளி, மலையாளத்தில் உரிமை. அவசரம் என்பது தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. சம்சாரம் என்பது தமிழில் மனைவி அல்லது குடும்பம், மலையாளத்தில் பேச்சு. வலியசாலையில் வளர்ந்த தமிழர் ஒருவர் இச்சொற்களைக் கேட்கும்போது இரு பொருளும் ஒருங்கே அவருக்குத் தோன்றும். கோட்டயத்து வீட்டிலிருந்து வெளியே செல்லும் சிறுவனின் காதும் இத்தகையதே. தஞ்சை வாசகருக்கு அயலாகத் தோன்றும் அவ்வுலகம், இவ்வாசகருக்கு விளக்கவுரை வேண்டாத அளவுக்கு அணுக்கமானது.

6. மொழிபெயர்ப்பில் எஞ்சுவது

இந்நாவலை லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளார். அம்மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது. தலைப்பின் வரிசையை அவர் அவ்வாறே பேணியுள்ளார். ஆண், பெண், குழந்தை என்னும் வழக்கமான அடுக்கைத் தலைகீழாக்கிக் குழந்தைகளை முன்னிறுத்துவது மூலத்தின் கருத்து ஆதலின் இது போற்றத்தக்கது.

ஆனால் உரையாடலில் தடை பெரிது. “எப்போ வந்தேள்?” என்னும் சிறு தொடரில் ‘-ஏள்’ என்னும் விகுதி முன்னிலை இடத்தையும் மரியாதையையும் பேசுவோரின் சமூகத்தையும் ஒருங்கே உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் இம்மூன்றனுள் முன்னிலை ஒன்றே எஞ்சும். அதுவும் வினையில் அன்று, பெயரில். நெருங்கிய உறவுடைய மலையாளத்திலும் நிலைமை வேறல்ல. மலையாள வினை இடம், பால், எண் காட்டும் விகுதியை இழந்துவிட்டது; யார் வந்தாலும் ‘வந்நு’ என்பதே வடிவம். வீட்டிலிருந்து தெருவுக்குச் செல்லும் சிறுவன், உறவை வினையிலேயே காட்டும் மொழியிலிருந்து அவ்வாறு காட்டாத மொழிக்குச் செல்கிறான். அவனுடைய இரு உலகங்களின் வேறுபாட்டை இலக்கணமே தாங்கி நிற்பதால், சொல்லைப் பெயர்ப்பதோடு மொழிபெயர்ப்பாளர் பணி முடிவதில்லை.

எழுத்தாளர் குடும்பங்களைப் பற்றிய பிற நாவல்களோடு ஒப்பிடுகையில் இது மேலும் தெளிவாகும். தாகூர் குடும்பத்துப் பெண்களைப் பற்றி அருணா சக்ரவர்த்தி எழுதிய ‘ஜோராசாங்கோ’ (2013), தாமஸ் மன் குடும்பத்தைப் பற்றி கோம் டோய்பின் எழுதிய ‘த மேஜிஷியன்’ (2021) ஆகிய இரண்டும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டவை. அவற்றில் உண்மைப் பெயர்களும் நிகழ்ச்சிகளும் உள்ளன. ஆனால் வங்காளியிலும் ஜெர்மனிலும் பேசிய அக்குடும்பங்களின் குரல் மூலத்திலேயே பெயர்ப்பாகிவிடுகிறது. ‘புடன்புரூக்ஸ்’ நாவலிலோ பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன. கீழ் ஜெர்மனும் பவேரிய வட்டார வழக்கும் நிலைபெற்றுள்ளன. சுந்தர ராமசாமியின் நாவல் இப்பின்னைய வகையைச் சார்ந்தது. பெயர்களைக் காப்பாற்றிப் பேச்சை இழப்பது ஒருவகை. பெயர்களை மாற்றிப் பேச்சைக் காப்பது மற்றொரு வகை. குடும்ப வரலாற்றுக்கு இரண்டாவதே உண்மையான சான்றாகும்.

7. ஒரு குறை

நாவலின் சிறப்பைக் கூறுமிடத்து ஒரு குறையும் சுட்டத்தக்கது. பாத்திரங்கள் பேசும்போது அவரவர் தமிழில் பேசுகின்றனர். எண்ணும்போது பெரும்பாலும் ஆசிரியரின் எழுத்துத் தமிழே அவர்களுக்காக எண்ணுகிறது. நோயுற்ற லட்சுமியின் மனவோட்டமும், கைம்பெண்ணான ஆனந்தத்தின் ஏக்கமும், சிறுவனின் அச்சமும் ஒரே தெளிவும் ஒரே சீரும் உடைய நடையில் வருகின்றன. கற்ற தமிழ் கேட்ட தமிழை மேலாண்மை செய்யும் இடங்கள் இவை. தலைப்பில் முன்னிறுத்தப்பட்ட குழந்தைகளும் பெண்களும் பேச்சில் பெற்ற உரிமையை எண்ணத்தில் முழுமையாகப் பெறவில்லை எனலாம். நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) இரணியல் செட்டியார் சமூகத்து வழக்கை நாவலின் பெரும்பரப்புக்கு விரித்ததை நோக்க, இங்கு ஆசிரியர் மேற்கொண்ட எல்லை தெரியவரும்.

8. முடிவுரை

எழுத்தாளர் குடும்பத்தைப் பற்றிய வரலாற்று நாவலைச் சுவைத்தல் என்பது பாத்திரங்களுக்கு ஆள் தேடுவதோடு நின்றுவிடுவதன்று. யாருடைய வீடு என்பதை அறிவதைவிட, அவ்வீட்டில் என்ன மொழி எவ்வாறு பேசப்பட்டது என்பதை அறிவது நிலையான பயன் தருவது. இனி இந்நாவலை மலையாளத்துக்கோ பிறமொழிக்கோ கொண்டு செல்வோர், எஸ்.ஆர்.எஸ். யார், பாலு யார் என்று அடிக்குறிப்பு எழுதுவதிலும் கேட்ட தமிழுக்கும் கற்ற தமிழுக்கும் உள்ள இடைவெளியைத் தம் மொழியில் ஏதேனும் ஒரு வகையால் புலப்படுத்துவதில் கருத்துச் செலுத்துதல் வேண்டும். வலியசாலை போன்ற பகுதிகளின் இருமொழி வழக்கு அடுத்த தலைமுறைகளில் மாறிவரும் சூழலில், அதனைத் தொகுத்து ஆராய்வது மொழியியலாருக்கு மட்டுமன்றி, இத்தகைய நாவல்களைப் பெயர்ப்போருக்கும் உடனடித் தேவையாகும்.