ஆயனரின் பெருமை

செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்குக் காலையில் புறப்படுகிற மின்சார ரயிலில் ஒரு வாரம் போய்வந்தால், இந்தப் பக்கத்து உத்தியோகஸ்தர்களின் குடும்பக் கதை முழுவதும் தெரிந்துவிடும். யாருடைய பெண் பிளஸ் டூவில் எத்தனை மார்க், யாருடைய பையனுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது, யாருடைய பேரன் நேற்றைக்கு எழுந்து நின்று இரண்டடி வைத்தான் என்பதெல்லாம் தாம்பரம் வருவதற்குள் பேசி முடிந்துவிடும். கல்பாக்கத்து அணுமின் நிலையத்துக்குப் போகிற பஸ்ஸிலும், தாலுகா கச்சேரி வாசலில் இருக்கும் டீக்கடையிலும் இதே பேச்சுத்தான். சம்பளம், இடமாற்றம், மேலதிகாரியின் கோபம் ஆகியவற்றுக்கு இரண்டாம் இடம். முன்பெல்லாம் சட்டைப் பையில் மடித்து வைத்த மார்க் ஷீட்டை எடுத்துக் காட்டுவார்கள். இப்போது கைப்பேசியை நீட்டுகிறார்கள். நீட்டுகிற கையில் இருக்கிற நடுக்கம் மட்டும் மாறவில்லை.

இவ்வளவு தினசரி நடக்கிற ஒரு விஷயம் நம்முடைய நாவல்களில் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது என்று நான் யோசித்ததுண்டு. ஆபீஸ் என்றால் நம் எழுத்தாளர்களுக்குத் துன்பம் விளைகிற இடம். ஃபைல், சுவர்க் கடிகாரம், மெமோ. பாசம் என்றால் அது வீட்டுக்குள், சமையலறை வாசற்படியில் நடக்கிற சமாசாரம். இந்த இரண்டும் ஒரே மேஜையில் சந்திக்கிற இடத்தை, அதாவது ஒரு மனிதன் தன் வேலைக்கு நடுவே தன் குழந்தையைப் பற்றிச் சக ஊழியனிடம் சொல்லுகிற அந்த ஒரு நிமிஷத்தை, அநேகமாக எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். தாண்டிப் போகாதவர் ஒருவர் உண்டு. அவர் ஆபீஸ் கதை எழுதவில்லை. சரித்திரக் கதை எழுதினார். அதனால்தான் நாம் கவனிக்கவில்லை.

கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தைத்தான் சொல்லுகிறேன். 1944 முதல் 1946 வரையில் வாராவாரம் வெளிவந்த அந்த நாவலை மூன்று தலைமுறை வாசகர்கள் காதல் கதையாகவும் யுத்தக் கதையாகவும் படித்து அழுதிருக்கிறார்கள். அழட்டும், அதற்காக எழுதப்பட்டதுதான். ஆனால் காஞ்சிக்கு வெளியே காட்டுக்குள் இருக்கிற அந்த அரண்ய வீட்டை இன்னொரு முறை போய்ப் பாருங்கள். அது வீடு மட்டும் அல்ல, ஒரு தொழிற்கூடம். உளிச் சத்தம் ஓயாத இடம். சிஷ்யர்கள் வேலை செய்கிறார்கள். அரசரே மேற்பார்வைக்கு வந்து போகிறார். அங்கே தகப்பன் சிற்பி. மகள் நடனம் ஆடுகிறாள். அவளுடைய அபிநயங்களைப் பார்த்து அவர் சிலைகள் செய்கிறார். கூடம் முழுவதும் ஒரே பெண் பல நிலைகளில் கல்லாக நிற்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் ஆயனர் அவற்றைக் காட்டுகிறார். மகளைப் பற்றிய பெருமையை வேலை செய்கிற இடத்தில் இவ்வளவு பிரமாண்டமாகப் பரப்பி வைத்த தகப்பன் தமிழ் நாவலில் வேறு யாரும் இல்லை.

இங்கேதான் கல்கியின் கூர்மை. ஆயனர் மகளை நேசிக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் பார்ப்பது மகளையா, அபிநயத்தையா? அவள் கண்ணில் ஒரு புதிய பாவம் தோன்றினால், இது எந்தக் கல்லில் வரும் என்றுதான் அவர் புத்தி போகிறது. எங்கிருந்து வந்தது என்று போவதில்லை. தாமரைக் குளத்தங்கரையில் என்ன நடக்கிறது என்பது வாசகனுக்கு ஆரம்ப அத்தியாயங்களிலேயே தெரிந்துவிடுகிறது. தகப்பனாருக்குத் தெரிய வெகு காலம் ஆகிறது. திருநாவுக்கரசரின் மடத்துக்கு மகளை அழைத்துப் போகிற கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரியவர் முன்னிலையில் குழந்தையை நிறுத்தி, ‘இதோ பாருங்கள்’ என்று சொல்லுகிற தகப்பனுடைய ஆசை எல்லாம் அதில் இருக்கிறது. சிவகாமி ஆடுகிறாள், ஆடி மயங்கி விழுகிறாள். அவள் பிடித்த அபிநயம் வெறும் அபிநயம் அல்ல என்று சபையில் இருக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெற்றவருக்கும் தெரியவில்லை என்பதுதான் கதை.

இவ்வளவு தூரம் வந்த கல்கி ஓரிடத்தில் பின்வாங்கிவிடுகிறார் என்பது என் அபிப்பிராயம். ஆயனரை அவர் ஒரு வெள்ளை மனத்துக் கலைஞராக்கிவிடுகிறார். அஜந்தா வர்ணத்தின் ரகசியம் என்று யாராவது சொன்னால் உலகத்தையே மறந்துவிடுகிற அப்பாவி! பழி முழுவதும் நாகநந்தியின் மேலும் புலிகேசியின் மேலும் போகிறது. சிவகாமி வாதாபியில் சிறைப்பட்டு வருஷக் கணக்கில் காத்திருக்கிறாள், வாதாபி எரிகிறது, திரும்பி வந்தால் மாமல்லன் பாண்டிய ராஜகுமாரிக்குக் கணவன். ஏகாம்பரநாதர் சந்நிதியில் தானே திருமாங்கல்யம் தரித்துக்கொள்கிறாள். அவ்வளவு பெரிய துயரத்தில் தகப்பனாருக்கு உள்ள பங்கைப் பற்றி நாவலாசிரியர் நம்மை ஒரு கேள்வி கேட்கவிடுவதில்லை. ஆயனரிடம் நமக்கு இரக்கம் வருகிறது. ஒரு தடவையாவது கோபம் வந்திருக்க வேண்டும்.

ஏன் பின்வாங்கினார்? இதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தலாம். 1941-ல் கல்கியும் சதாசிவமும் சேர்ந்து ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். ஒருவர் எழுத்து, மற்றவர் நிர்வாகம். அந்த நாற்பதுகளில் சதாசிவத்தின் மகள் ராதாவும் கல்கியின் மகள் ஆனந்தியும் வழுவூர் ராமையா பிள்ளையிடம் பரதம் கற்று, ஜோடியாக மேடை ஏறி ஆடினார்கள். ராதா–ஆனந்தி என்றால் அந்தக் காலத்து ரசிகர்களுக்குத் தெரியும். ஒரே ஸ்தாபனத்தில் வேலை செய்கிற இரண்டு தகப்பன்மார்கள். இருவர் வீட்டுப் பெண்களும் ஒன்றாக நாட்டியம் ஆடுகிறார்கள். அதே ஸ்தாபனத்திலிருந்து வாராவாரம் நாட்டியப் பெண்ணுக்குத் தகப்பனான ஒரு சிற்பியின் கதை அச்சாகி வருகிறது. இதிலிருந்து அது பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கதைக்கு வித்து மாமல்லபுரத்துக் கடற்கரையில், ரசிகமணி டி. கே. சி.யோடு உட்கார்ந்திருந்தபோது விழுந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் பெண்ணின் ஆட்டத்தைப் பார்த்துத் தகப்பனுக்குத் தொண்டை அடைக்கிற பக்கங்களை அவர் எழுதும்போது அவருக்குக் கற்பனை அதிகம் தேவைப்பட்டிருக்காது. அந்தத் தகப்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கை வராததும் மனித இயல்புதான்.

ஆயனரைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நான் சில வருஷங்கள் வேலை பார்த்த ஓர் ஆபீஸில் ஒரு டெஸ்பாட்ச் குமாஸ்தா இருந்தார். எங்கள் எல்லோருடைய பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். யார் எந்த வகுப்பு, யாருக்குக் கணக்கு வராது, யார் ஓட்டப் பந்தயத்தில் முதல் என்பது எல்லாம் தெரியும். பரீட்சை முடிவு வருகிற அன்று அவராகவே வந்து விசாரிப்பார். தம் வீட்டைப் பற்றி அவர் பேசியதில்லை. பிள்ளை இல்லை போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ரிடையர் ஆன அன்று வழக்கம்போல் மாலை, சால்வை, குடும்பத்தோடு ஒரு போட்டோ. மனைவியோடு முப்பது வயது மகனையும் அழைத்து வந்திருந்தார். பேச்சு வராத, தானாகச் சாப்பிடத் தெரியாத மகன். அவனுக்கு லட்டை உதிர்த்து ஊட்டிக்கொண்டே எங்களைப் பார்த்து, “இவன் பெரியவன் சார்” என்று சொன்னார். மற்றவர்கள் மார்க்கைச் சொல்லும்போது குரலில் எந்தச் சுருதி இருக்குமோ, அதே சுருதி. அங்கே இருந்த நாற்பது பேரிடமும் பதிலுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைகளைப் பற்றி எங்களுக்கு இரண்டே கேள்விதான் தெரியும்: என்ன படிக்கிறான், எங்கே வேலை பார்க்கிறான். இரண்டும் அவனுக்குப் பொருந்தவில்லை.

ஆயனருக்கும் ஒரு கேள்விதான் தெரியும்.

வள்ளுவர் இந்த விஷயத்தில் நம்மைவிட ஜாக்கிரதையானவர். மக்கட்பேற்றைப் பற்றிச் சொன்ன அதிகாரத்தில் பெற்றவள் அடைகிற மிகப் பெரிய சந்தோஷத்தை எங்கே வைக்கிறார்? மகனைப் பற்றிப் பிறர் சொல்ல அவள் கேட்கிற இடத்தில். அவள் பிறரிடம் சொல்லுகிற இடத்தில் அல்ல. ரயிலில் இது செல்லாது என்பது எனக்குத் தெரியும். யாரும் தானாக முன்வந்து நம் பிள்ளையைப் புகழ மாட்டார்கள், நாம்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது!

கல்கி உட்கார்ந்திருந்த கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், அவர் எழுதாமல் விட்டது கல்லில் இருக்கிறது. பல்லவ ராஜாக்களுக்கும் இந்தப் பெருமை தெரியாதது அல்ல. ஆதிவராகக் குகையில் சிம்மவிஷ்ணுவும் மகேந்திரனும் தேவிமாரோடு நிற்கிற உருவங்கள் உண்டு. எந்த மகேந்திரன் என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. அங்கே ராணிகள் இருக்கிறார்கள், குழந்தை இல்லை. குழந்தையை அவர்கள் தெய்வத்தின் மடியில் உட்கார வைத்தார்கள். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்து நடு அறையிலும் கடற்கரைக் கோயிலிலும் இருக்கிற சோமாஸ்கந்தரைப் பாருங்கள். சிவபெருமான் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் உமை, மடியில் சிறு பிள்ளை முருகன். பின்னால் பிரம்மாவும் விஷ்ணுவும் நிற்கிறார்கள். உலக காரியம் காத்திருக்கிறது. குழந்தை நடுவில் இருக்கிறது. இந்த அமைப்பை ராஜசிம்மன் தன் கோயில்களில் திரும்பத் திரும்ப வைத்தான். காஞ்சிக் கைலாசநாதர் கோயில் சாசனத்தில், பரமேசுவரனுக்குக் குகன் பிறந்ததுபோல் தன் தகப்பனுக்குத் தான் பிறந்ததாகப் பாடிவைத்துக்கொண்டான். அவன் மகன் ஒரு மகேந்திரன் அதே கோயிலின் முன்னால் தன் பெயரால் ஒரு சிறு கோயில் எடுத்தான். அரண்மனைக் குடும்பத்தின் பெருமை அப்படி. சிம்மாசனம் இருக்கிறவரையில் அழகாகத்தான் இருக்கும்.

கிருஷ்ண மண்டபத்தில் சிம்மாசனம் கிடையாது. ஏழாம் நூற்றாண்டில் பாறை முகத்தில் செதுக்கியது. முன்னால் இருக்கிற தூண் மண்டபம் விஜயநகர காலத்தில் சேர்த்தது. நடுவில் கிருஷ்ணன் மலையைத் தூக்கி நிற்கிறான். அதைவிடப் பெரிய வேலை உலகத்தில் இல்லை. ஆனால் அவன் கைக்குக் கீழே ஆயர்பாடி தன் பாட்டுக்குத் தன் காரியத்தைப் பார்க்கிறது. ஒருவன் தோளில் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறான். ஒருத்தி தலையில் பால் குடங்களைச் சுமந்து நிற்கிறாள். ஒருவன் குழல் ஊதுகிறான். வலப்பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு கழுத்தைத் திருப்பித் தன் கன்றை நக்குகிறது. கறக்கிறவன் கன்றைத் தள்ளிவிடவில்லை. கன்றை நக்கினால்தான் பசு பால் சுரக்கும் என்பது மாடு வைத்திருக்கிறவர்கள் அறிந்தது. அந்தச் சிற்பி அதைப் பார்த்துச் செய்திருக்கிறான்: பாசம் வேலைக்குத் தடை அல்ல, வேலையே அதனால்தான் நடக்கிறது. தோளில் இருக்கிற குழந்தையையும் யாருக்கும் காட்டுவதற்காகத் தூக்கி வைக்கவில்லை. கை வேறு காரியத்துக்கு வேண்டும், அதனால் தோளில்.

ஆயனர் கூடத்துச் சிலைகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆயனர் மகளை வேலைக்குப் பொருளாக்கினார். இங்கே குழந்தை வேலைக்கு நடுவே குழந்தையாகவே இருக்கிறது.

அதே ஊரில் இன்றைக்கும் தெருத்தெருவாகச் சிற்பக் கூடங்கள் இருக்கின்றன. 1957-ல் அரசாங்கம் அங்கே ஒரு சிற்பப் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அதன் தலைமைக்கு வைத்தியநாத ஸ்தபதி வந்தார். அவருக்குப் பின் அவர் மகன் கணபதி ஸ்தபதி வந்தார். மகன் தன் உளியை எடுத்துக்கொண்டான் என்பதே அந்தக் குடும்பத்தில் பெருமை. பல கூடங்களில் இப்போது பெருமை திரும்பி நிற்கிறது. கல் தூசியில் உட்கார்ந்து பிள்ளையாருக்குத் துதிக்கை வளைக்கிறவர், ‘என் பையன் இந்தத் தூசிக்கு வரவில்லை, கம்ப்யூட்டர் படிக்கிறான்’ என்று சந்தோஷமாகச் சொல்லுவார்; சொல்லிவிட்டு, துதிக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு நாவல் இருக்கிறது. மாமல்லபுரத்தைப் பற்றி எழுதப் போகிறவர்கள் ராஜாக்களை விட்டுவிட்டு அதை எழுதலாம்.

கிருஷ்ண மண்டபத்துக்குப் போகிறவர்கள் தூண்களுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே நிழல் அதிகம். கண் பழகச் சிறிது நேரம் ஆகும். முதலில் மலையும் கிருஷ்ணனும்தான் தெரிவார்கள். கன்று அப்புறம்தான் தெரியும்.