செட்டியார் கடை

கொலுவில் என் கண் முதலில் தேடுவது செட்டியார் கடையைத்தான். தொந்தியோடு செட்டியார், பக்கத்தில் ஆச்சி, முன்னால் அரிசி, துவரம்பருப்பு, மிளகு என்று குட்டிக் குவியல்கள். ஆட்கள் பொம்மை, சரக்கு மட்டும் அசல்! அந்தக் குறும்புதான் அழகு.

கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர் காஞ்சிபுரம். காகிதக் கூழை அச்சில் அழுத்தி, காயவைத்து, வண்ணம் தீட்டுவார்கள். மண் பொம்மையைவிடக் கனம் குறைவு. பரணிலிருந்து இறக்கக் கை வலிக்காது.

 பொம்மையை வாங்கினாலும் கடையை நாமே செய்யலாம். வீட்டுக்குச் சரக்கு வரும் அட்டைப்பெட்டியே குட்டிக் கடைக்கு நல்ல மூலப்பொருள். மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தால் உள்ளே நெளிநெளியாகத் தகரக் கூரை தயார். தீப்பெட்டி கல்லாப்பெட்டியாகும், செய்தித்தாள் துண்டு பொட்டலமாகும்.

சூட்சுமம் அளவில் இருக்கிறது. 1 அடியை 1 அங்குலமாகச் சுருக்கிய கடையில் ஒரு மிளகு, எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரியும். அங்கே அதை மிளகென்று விற்க முடியாது. மஞ்சள் பூசிப் பழக்கடையில் வைக்கலாம்.

வரும் நவராத்திரிக்கு ஒரே ஒரு அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். வீட்டுப் பிள்ளைகள் கடை திறந்துவிடுவார்கள்.